மூடிய படக்கோப்புகளும் சுவடிப் படிப்பும்: அறிவியல் படக்கோப்பு வடிவங்களை அறிதலும் திறத்தலும்

திறவுச்சொற்கள்: சுவடிப் படிமம், கோப்பு வடிவம், மீத்தரவு, டிஃப், ரா, ஃபிட்ஸ், பாடபேதம், புள்ளி

முன்னுரை

ஓலைச்சுவடியைப் பதிப்பிக்க முனைவோர் இன்று பெரும்பாலும் ஓலையைக் காண்பதில்லை. ஓலையின் படத்தையே காண்கின்றனர். 1869இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1943இல் அடையாற்றில் தொடங்கி இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற சைவச் சுவடிகளைப் பேணும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகிய இடங்களில் உள்ள ஓலைகள் நலிந்துவருவன. அவற்றை அடிக்கடி கையாளாமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை. ஆகவே பாடம் தீர்மானிக்கும் பணி திரைமுன் நிகழ்கிறது. படமே மூலத்தின் இடத்தில் நிற்கிறது.

அந்தப் படம் ஒரு கோப்பு. கோப்பு ஏதேனும் ஒரு வடிவத்தில் எழுதப்பட்டது. அவ்வடிவத்தின் இலக்கணத்தை அதனை ஆக்கிய நிறுவனம் வெளியிடாதிருந்தால், மூலத்தின் திறவுகோல் சுவடி நூலகத்திடமும் இல்லை, பதிப்பாசிரியரிடமும் இல்லை. இச்சிக்கல் கணிப்பொறியாளர்க்கே உரியது என்று தமிழாய்வுலகம் இதுகாறும் ஒதுக்கிவந்துள்ளது. இது சுவடியியலின் உட்பகுதி என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மூடிய படக்கோப்பு எத்தகையது, அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு திறப்பது, திறக்கும்போது எவை கைநழுவும் என்பன பதிப்பாசிரியரின் நோக்கில் இங்கு ஆராயப்படுகின்றன.

உடைமையும் மூடுகையும்

கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்டு. எந்த இடத்தில் உள்ள எண் அகலத்தைக் குறிக்கிறது, எது உயரத்தை, எது முதற் படப்புள்ளியின் ஒளியளவை என்று வகுத்துரைக்கும் மரபே வடிவம் எனப்படும். இம்மரபு ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருப்பது வேறு, மூடப்பட்டிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது, அது தவறு.

இதனை விளக்கத் தியாகராய நகரைக் காட்டிலும் பொருத்தமான இடம் இல்லை. வானதி, கண்ணதாசன், மணிமேகலை முதலிய பதிப்பகங்கள் நிலைகொண்ட அப்பகுதி தமிழ் நூல் வெளியீட்டின் நடுவங்களுள் ஒன்று. 1990களில் தமிழ் நூல்கள் கணிப்பொறி அச்சுக்கோப்புக்கு மாறியபோது பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளே பெருவழக்காயிற்று. அதனை 1985இல் வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனமே அடுத்த ஆண்டில் டிஃப் என்னும் படவடிவத்தையும் வெளியிட்டது. 1994இல் ஆல்டஸ் அடோபி நிறுவனத்தோடு இணைந்தபோது இரண்டும் அடோபியின் உடைமை ஆயின. ஆனால் டிஃப்பின் இலக்கணம் தொடக்கம் முதலே அச்சிட்டு வழங்கப்பட்டது; 1992இல் வெளிவந்த ஆறாம் பதிப்பே இன்றும் அடிப்படை. பேஜ்மேக்கர் கோப்பின் இலக்கணம் அவ்வாறு வழங்கப்படவில்லை. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அம்மென்பொருளின் வளர்ச்சி நின்றது. 2014 அளவில் தன்னார்வலர்கள் அதன் கோப்புகளை ஆராய்ந்து ஒரு நூலகநிரலை எழுதும்வரை, பழைய கோப்பைத் திறக்கப் பழைய மென்பொருளையே நாட வேண்டியிருந்தது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த ஆண்டுகள், ஒரே உடைமையாளர். ஆயினும் ஒரு வடிவம் எங்கும் திறக்கிறது, மற்றொன்று திறப்பதில்லை. அக்காலப் பேஜ்மேக்கர் கோப்புகளுள் தமிழ் எழுத்துகளும் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனத்தின் தனிக்குறியீட்டில் அமைந்தன என்பதால் அங்குப் பூட்டுக்குள் பூட்டு. எழுத்துக் குறியீட்டுச் சிக்கலைத் தமிழுலகம் 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டிலும், ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்ற 2010இலும் எதிர்கொண்டு பெருமளவு தீர்த்துக்கொண்டது. படக்கோப்பு பற்றி அத்தகைய பொதுவிவாதம் இன்னும் எழவில்லை.

நிறுவனங்கள் ஏன் தனி வடிவம் வகுக்கின்றன என்பதற்கு வணிகக் காரணம் மட்டும் கூறுதல் நேர்மையன்று. நுண்ணோக்கி ஒரு பொருளைப் பல ஆழங்களிலும், பல அலைநீளங்களிலும், பல கணங்களிலும் படம்பிடிக்கிறது. இவற்றை ஒரே கோப்பில் அடக்கப் பொது வடிவங்கள் போதாதிருந்த காலம் உண்டு. ஒளிப்படக் கருவியின் உணரி தரும் செம்மைப்படுத்தாத எண்களும் அத்தகையனவே. நிக்கான், கேனான் முதலிய நிறுவனங்களின் ரா கோப்புகள் அவ்வாறு பிறந்தவை. காரணம் எதுவாயினும் விளைவு சுவடி நூலகத்தின் வாயிலில் வந்து நிற்கிறது.

முகப்பெழுத்து

அறியாத கோப்பொன்றைப் படிக்கத் தொடங்குபவர் கல்வெட்டு ஆய்வாளர் செய்வதையே செய்கிறார். சிதைந்த கல்லில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் மங்கலச்சொல்லைக் கண்டவுடன் தொடக்கம் எது என்பது தெரிகிறது. முதலாம் இராசராசன் காலம் முதல் பெருகிய மெய்க்கீர்த்தியைக் கண்டால் மன்னன் யார் என்பதும், ஆட்சியாண்டு எங்கே வரும் என்பதும் தெரிகின்றன. படக்கோப்புகளுக்கும் இத்தகைய முகப்பெழுத்து உண்டு. டிஃப் கோப்பு ஆங்கில எழுத்தான ‘ஐ’ இருமுறை அல்லது ‘எம்’ இருமுறை வரத் தொடங்கும். அடுத்து 42 என்னும் எண் நிற்கும். மருத்துவப் படங்களுக்குரிய டைக்காம் கோப்பில் முதல் 128 பைட்டுகள் எதற்கும் பயன்படலாம். அவற்றின்பின் ‘டிஐசிஎம்’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் வரும். வானியலார் கையாளும் ஃபிட்ஸ் கோப்பு ‘சிம்பிள்’ என்னும் சொல்லோடு தொடங்கும். ஜைஸ் நுண்ணோக்கியின் சிஇசட்ஐ கோப்பு ‘ஜிஸ்ராஃபைல்’ எனத் தொடங்கும். 1992இல் கோடக் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்து பின்னர்க் கைவிட்ட ஃபோட்டோ சிடி கோப்பிலோ முகப்பெழுத்து 2048ஆம் பைட்டில் ஒளிந்திருக்கும். முதல் வரியில் தேடுபவர் ஏமாறுவர். பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் சிறு மென்பொருள் ஒன்று இருந்தால் இவற்றை எவரும் காணலாம்.

கோப்பின் பெயருக்குப்பின் நிற்கும் ஒட்டை மட்டும் நம்பலாகாது. சுவடிக்கட்டின் மேலேட்டில் எழுதிய பெயரை நம்பி அட்டவணை தயாரித்தால் என்ன நேரும் என்பதைச் சுவடி அட்டவணையாளர் அறிவர். ஒரு நூலின் பெயர் மேலிருக்க உள்ளே மூன்று நூல்கள் இருக்கும்.

முகப்பெழுத்து தெளிவாக இருந்தும் வாசிப்பு பிழைபடும் இடம் ஒன்று உண்டு. பிராமி எழுத்தின் ஒலிப்பு தெரிந்த பின்னும் தமிழகக் குகைக் கல்வெட்டுகளைப் பாகதம் எனக் கொண்டு படித்தோர் பொருள் காணாது இடர்ப்பட்டனர். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், அங்குள்ள சில வரிவடிவங்கள் தமிழுக்கே உரிய எழுத்துகள் என்று காட்டிய பின்னரே வழி திறந்தது. நிக்கானின் என்இஎஃப் கோப்பு இத்தகையது. அதன் முகப்பு டிஃப் முகப்பே. பொதுவான படமென்பொருள் அதனை டிஃப் என்று நம்பித் திறந்தால் கிடைப்பது பெரும்பாலும் 160 × 120 படப்புள்ளிகள் கொண்ட சிறுபடம் மட்டுமே. முழுப்படம் உட்கிளை அட்டவணை ஒன்றில் இருக்கிறது. கோப்பில் இவ்வளவே உள்ளது என்று கருதி ஒருவர் அதனை விலக்கிவிடக்கூடும்.

டிஃப்பின் உள்ளமைப்பு இதனை விளக்கும். அதன் அட்டவணையில் ஒவ்வொரு பதிவும் 12 பைட்டு நீளமுடையது: குறி எண்ணுக்கு 2, தரவின் வகைக்கு 2, எண்ணிக்கைக்கு 4, மதிப்புக்கு அல்லது மதிப்பு இருக்கும் இடத்துக்கு 4. குறி எண் 256 அகலம், 257 உயரம். 32768 முதலான குறிகளைத் தனியார் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம். ஜைஸ் நிறுவனத்தின் எல்எஸ்எம் நுண்ணோக்கிக் கோப்பு 34412ஆம் குறியின்கீழ்த் தன் செய்திகளை எல்லாம் பொதிந்துவைக்கிறது. நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்றது இதுவே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்னும்போது எழுத்தும் ஒலியும் தமிழ். பொருள் அக்குழுவுக்கு மட்டும் தெரிந்தது. கொள்கலம் திறந்திருக்க உள்ளடக்கம் மூடியிருக்கும் நிலை என்று இதனைக் கூறலாம்.

கணக்கால் திறத்தல்

முகப்பெழுத்து எதுவும் கிட்டாதபோது கணக்கு உதவும். ஒரு கோப்பின் நீளம் 2,40,00,512 பைட்டு என்று கொள்வோம். கருவியின் உணரி 4000 × 3000 படப்புள்ளி கொண்டது என்பது அதன் கையேட்டிலிருந்து தெரியும். புள்ளிக்கு 2 பைட்டு என்றால் 2,40,00,000. எஞ்சிய 512 பைட்டு முன்னுரையாக இருத்தல் கூடும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பாண்டு 1997இல் உருவாக்கிய இமேஜ்ஜே என்னும் கட்டணமற்ற மென்பொருளில் இவ்வெண்களைக் கொடுத்து, முதல் 512 பைட்டைத் தாண்டிப் படிக்கச் சொன்னால் படம் விரியும். அகலத்தை 4000க்கு மாறாக 3999 எனத் தந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி நகர்ந்து, நேராக இருக்கவேண்டிய ஓலை விளிம்பு சாய்ந்து தோன்றும். அச்சாய்வே பிழையின் அளவைச் சொல்லிவிடும்.

பைட்டு வரிசை இன்னொரு தடை. 258 என்னும் எண்ணை இரு பைட்டில் 1, 2 என்றும் எழுதலாம், 2, 1 என்றும் எழுதலாம். முன்னதில் 256 × 1 + 2. பின்னதை முன்னதுபோலப் படித்தால் 513 வரும். டிஃப்பின் தொடக்கத்தில் வரும் ‘ஐஐ’, ‘எம்எம்’ என்னும் எழுத்துகள் எந்த வரிசை என்பதை அறிவிக்கவே நிற்கின்றன. வரிசை மாறிப் படித்த படத்தில் உருவம் மங்கலாகத் தெரியும். மென்மையாக மாறவேண்டிய நிழல்கள் மட்டும் பட்டை பட்டையாக உடைந்திருக்கும்.

படம் முற்றிலும் கருமையாக வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுதல் கூடாது. பல உணரிகள் 12 பிட்டு அளவில், அதாவது 0 முதல் 4095 வரை, ஒளியை அளக்கின்றன. அவ்வெண் 16 பிட்டு இடத்தில் வைக்கப்படுகிறது. அங்கு மேலெல்லை 65,535. எனவே ஓலையின் மிக வெளிச்சமான பகுதியும் பதினாறில் ஒரு பங்கு ஒளியோடுதான் தோன்றும். காட்சி எல்லையை 4095க்குக் குறைத்தவுடன் ஓலை வெளிவரும்.

தரவு செறிவுறுத்தப்பட்டிருப்பின் இக்கணக்கு செல்லாது. அங்கு இருமொழிச் சான்று போன்ற ஒன்று வேண்டும். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் சாஞ்சிக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரே எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு அது ‘தானம்’ ஆகலாம் என ஊகித்தார். பிராமியின் பூட்டு அவிழ்ந்தது. அதே கருவியால் முழுவெள்ளைத் தாள், முழுச்சாம்பல் அட்டை, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டை ஆகியவற்றைப் படமெடுத்து, அறிந்த உள்ளடக்கத்தோடு கோப்பின் எண்களை ஒப்பிட்டால் எந்த இடம் எதைச் சொல்கிறது என்பது படிப்படியாகத் துலங்கும். இதற்குக் கருவி கையில் இருக்க வேண்டும் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கருவியைக் கழிவாக விற்றபின் இச்சான்று கிட்டாது.

நற்பேறாக, இவ்வுழைப்பின் பெரும்பகுதியைப் பிறர் செய்துவைத்துள்ளனர். டேவ் காஃபின் 1997 முதல் தனியொருவராக எழுதிய டிசிரா என்னும் நிரல் பெரும்பாலான ஒளிப்படக் கருவிகளின் ரா கோப்புகளைத் திறக்கிறது. 2005இல் நிக்கான் தன் உயர்நிலைக் கருவி ஒன்றில் வெண்சமநிலைத் தரவை மறையாக்கம் செய்தபோதும் அவர் அதனை விடுவித்தார். நுண்ணோக்கிப் படங்களுக்கு ஓஎம்இ கூட்டமைப்பின் பயோ-ஃபார்மேட்ஸ் 150க்கு மேற்பட்ட வடிவங்களைப் படிக்கிறது. இதனை இமேஜ்ஜே வழியாகவே பயன்படுத்தலாம். இவற்றைக் கையாள்வதற்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: மூலக்கோப்பைப் படியெடுத்து, அதன் சரிபார்ப்பெண்ணைக் குறித்துவைத்துப் படியின்மீது மட்டுமே பணிசெய்தல். ஓலையில் மையைத் தடவுமுன் நம் முன்னோர் தயங்கிய தயக்கம் இங்கும் தகும்.

சட்டநிலை பற்றி ஒரு சொல். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 52(1)(ஏபி) உட்பிரிவு, முறைப்படி மென்பொருளை உடையவர், அதனோடு இணைந்தியங்கும் தனி மென்பொருளுக்குத் தேவையான செய்தி வேறுவகையில் எளிதிற் கிடைக்காதபோது, அதனைப் பெறுவதற்கு வேண்டிய செயல்களை அனுமதிக்கிறது. 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு தொழில்நுட்பக் காப்புகளை உடைப்பது பற்றியது. உரிமையை மீறும் நோக்கோடு உடைப்பதையே அது தண்டிக்கிறது. தன் சுவடியைத் தானே படமெடுத்த நூலகம் அப்படத்தைத் திறக்க அஞ்சவேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. ஆயினும் மென்பொருள் ஒப்பந்தங்களின் வாசகத்தையும் பார்த்துக்கொள்வது நலம்.

திறக்கும்போது இழப்பது

ஓலையில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. எனவே புள்ளி ஒன்று காணப்பட்டால் அது எழுத்தாணியின் குத்தா, பூச்சித் துளையா, ஓலை நரம்பின் முடிச்சா என்று ஆராயாமல் பாடம் கொள்ள இயலாது. இவ்வாராய்ச்சி படத்தில் நடக்கும்போது நான்காவது வாய்ப்பு ஒன்று சேர்கிறது: அப்புள்ளி கோப்பு மாற்றத்தில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

ஜேபெக் வடிவம் படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு இன்றியமையாதன அல்ல என்று கருதும் நுண்மாற்றங்களைக் கட்டந்தோறும் நீக்குகிறது. முகங்களுக்கும் மலைகளுக்கும் இது தீங்கற்றது. மெல்லிய கீறலின் ஓரத்திலோ, இல்லாத சிறுநிழல்கள் அதனால் தோன்றும். இருந்த மங்கற்கீறல் மறையும். மேலும் 12 பிட்டு ராவில் 4096 படிநிலைகள் இருந்தன. சாதாரண ஜேபெக்கில் நிறத்துக்கு 256. கருமை தடவாத ஓலையில் எழுத்துக்கும் ஓலைக்கும் உள்ள வேறுபாடு சில படிநிலைகளே. பதினாறு படிநிலைகள் ஒன்றாகச் சுருங்கும் இடத்தில் அவ்வேறுபாடு நில்லாது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்களுக்கு இது மேலும் பொருந்தும். விளக்குக்கரி அகச்சிவப்பை உறிஞ்ச, பழுத்துக் கறுத்த ஓலை அதனைத் திருப்புவதால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அங்குத் தெரிகிறது. அம்மெல்லிய வேறுபாடே அப்படத்தின் பயன்.

படப்புள்ளிகள் முழுமையாக வந்தும் மீத்தரவு விடுபடுவது இரண்டாம் இழப்பு. எந்த அலைநீளம், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி, எந்த நாள், எந்த ஏட்டின் எப்பக்கம் என்பன தனியார் குறிகளுக்குள் தங்கிவிடுகின்றன. ஏட்டெண் இல்லாத தனி ஓலையை எந்தச் சுவடியில் சேர்ப்பது என்று திகைப்பவர்க்கு இவ்விழப்பின் அளவு புரியும். கல்வெட்டு ஆய்வுக்கு உதவும் பல்லொளிப் படமுறையில் இது முதன்மை பெறுகிறது. 2001இல் ஹெச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் அறிவித்த பிடிஎம் முறை, விளக்கை வெவ்வேறு திசைகளில் வைத்தெடுத்த பல படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு கெழுக்களைக் கணித்துக் கோப்பில் எழுதுகிறது. பார்ப்பவர் திரையில் விளக்கை நகர்த்தித் தேய்ந்த எழுத்தை நிழலால் படிக்கலாம். கெழுக்களைப் பெருக்கும் அளவெண்கள் கோப்பின் முன்னுரையில் உள்ளன. அவை போனால் எஞ்சிய எண்களால் பயனில்லை.

கொடைக்கானல் காட்டும் வழி

மாற்றுவழி தமிழகத்திலேயே உள்ளது. 1899 முதல் இயங்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் கதிரவனைக் கண்ணாடித் தட்டுகளிலும் படச்சுருளிலும் பதிவுசெய்தது. அவற்றை எண்மமாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம் ஃபிட்ஸ் வடிவைக் கையாண்டுள்ளது. 1981இல் அறிமுகமாகி, மறு ஆண்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஏற்பைப் பெற்ற வடிவம் அது. அதன் முன்னுரை 80 எழுத்து வரிகளாலானது. துளை அட்டைக் காலத்தின் எச்சமாகிய அவ்வளவு இன்றும் மாறவில்லை. 36 வரி கொண்ட 2880 பைட்டுத் தொகுதிகளாக அவ்வரிகள் அடுக்கப்படும். சிறப்பு யாதெனில் அவை வெறும் எழுத்துகள். எந்த மென்பொருளும் இன்றிக் கண்ணால் படிக்கலாம். ஒருமுறை ஃபிட்ஸ் என ஏற்கப்பட்ட கோப்பு என்றும் ஃபிட்ஸ் ஆகவே கொள்ளப்படும் என்பது அதன் பேணுநர் கடைப்பிடிக்கும் விதி. இக்காரணங்களால் வத்திக்கான் நூலகம் ஏறத்தாழ 80,000 கையெழுத்துச் சுவடிகளை எண்மமாக்கும் தன் பணிக்கு வானியலாரின் இவ்வடிவையே தேர்ந்தது.

தமிழ்ச் சுவடிகளுக்கும் ஃபிட்ஸ்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. நம் நூலகங்களில் அதனைத் திறக்கத் தெரிந்தோர் குறைவு. டிஃப் எங்கும் அறிந்தது. பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டமும் டிஃப்பையே கேட்கிறது. ஆயின் டிஃப் ஆக்கியபின் ரா கோப்பை அழித்துவிடும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. ரா மாற்றும் முறைகள் ஆண்டுதோறும் மேம்படுகின்றன. நாளை வருவோர் அதே எண்களிலிருந்து இன்று தெரியாத கீறலைப் பெறக்கூடும். மூலக்கோப்பு, அதிலிருந்து பெற்ற 16 பிட்டு டிஃப், மீத்தரவைத் தனியே எழுதிய எளிய உரைக்கோப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே இருத்தல் வேண்டும். 2004இல் அடோபி இலக்கணத்தோடு வெளியிட்ட டிஎன்ஜி வடிவில் ராவின் படி ஒன்றை வைப்பதும் தகும். கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியிலேயே வடிவத்தின் இலக்கணத்தை வழங்கவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது இவை அனைத்தினும் எளிது. வாங்கியபின் கேட்டால் விடை வருவது அரிது.

பதிப்பாசிரியர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. உ.வே.சா. தம் பதிப்பு முன்னுரைகளில் எந்த ஊரில் எவரிடமிருந்து எந்தப் பிரதி கிடைத்தது, அது எந்நிலையில் இருந்தது என்று குறித்தார். படத்தைக் கொண்டு பதிப்பிப்பவர் தம் பிரதி விவரத்தில் சுவடி எண்ணோடு, தாம் பார்த்தது ராவா டிஃப்பா ஜேபெக்கா, எத்தனை பிட்டு, எந்த ஒளி, எந்த மென்பொருளால் திறந்தது, சரிபார்ப்பெண் யாது என்பவற்றையும் சேர்க்க வேண்டும். ஜேபெக்கை மட்டும் பார்த்து ஒரு புள்ளியை நம்பிப் பாடம் கொண்டிருந்தால் அவ்விடத்து அடிக்குறிப்பில் அதனைச் சொல்லிவிட வேண்டும். அடுத்து வருபவர் மூலக்கோப்பைத் திறந்து அப்புள்ளி ஓலையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வார்.